தில்லானாவுக்கு ஒரு மின்கிடார்

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் கைதட்டக் கூடாது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கச்சேரி எட்டரைக்கு முடிந்துவிடும். ஒன்பது நாளுக்கும் ராகம் முன்பே தீர்மானமானது. முதல் நாள் சங்கராபரணம், அடுத்த நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி என்று போய்க் கடைசி நாள் ஆரபி. கீர்த்தனைகள் சுவாதித் திருநாள் மகாராஜாவுடையவை. வித்வான் தோடியை எவ்வளவு பிழிந்து கொடுத்தாலும் சபை வாய் திறக்காது. பெண் ஒருவர் அந்த மேடையில் அமர்ந்து பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று பாடியவர் பாறசாலை பொன்னம்மாள்.

அதே மகாராஜாவின் தனாஸ்ரீ தில்லானா 2012-இல் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெங்களூரைச் சேர்ந்த ‘அகம்’ என்ற குழு தன் முதல் ஆல்பமான ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ஸில் அதை மின்கிடார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் சகிதம் வாசித்துவிட்டது. இந்தப் பாட்டை மேடையில் வாசித்தால் கைதட்டல் மட்டுமில்லை, விசில், கூச்சல், தலையாட்டல் எல்லாம் உண்டு. மகாராஜா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு ஓரளவு பதிலும் இருக்கிறது. அதற்குப் பிறகு வரலாம்.

முதலில் இந்த இசைக்கு என்ன பெயர்? அகம் தன்னை ‘கர்நாடக புரோகிரஸிவ் ராக்’ என்று அழைத்துக்கொள்கிறது. இதன் பக்கத்து வீடுதான் புரோகிரஸிவ் மெட்டல். மெட்டலின் இரைச்சலும் கனமும் இருக்கும். ஆனால் மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு இருக்காது. ஒரே பாட்டுக்குள் தாளம் ஐந்து, ஏழு, ஒன்பது என்று மாறும். வேகம் மாறும். நடுவில் வாத்தியங்கள் மட்டும் நீளமாகச் சண்டை போடும். இந்த வகையில் மிகவும் தெரிந்த பெயர் ட்ரீம் தியேட்டர். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த மூன்று மாணவர்கள் 1985-இல் தொடங்கிய குழு அது.

மேற்கத்திய ரசிகர்கள் இந்தத் தாளக் கணக்கைப் பார்த்து மலைக்கிறார்கள். மிச்ர சாப்பில் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு என்று தொடையில் தட்டி வளர்ந்தவர்களுக்கு இதில் மலைப்பதற்கு அதிகமில்லை. கேரளத்துக்காரர்களுக்கு இன்னும் குறைவு. கோயில் முற்றத்தில் செண்டைக்காரர்கள் வாசிக்கும் பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் ஆரம்பித்து 48, 24, 12 என்று பாதிப் பாதியாகக் குறுகி ஆறில் வந்து நிற்கும். வெயிலில் மணிக்கணக்கில் நின்று அதைக் கேட்பவர்கள் யாரும் அதற்குப் ‘புரோகிரஸிவ்’ என்று பெயர் வைக்கவில்லை. கணக்குத் தவறினால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

சிக்கல் தாளத்தில் இல்லை, கிடாரில் இருக்கிறது. கம்பியின் சத்தத்தை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவதுதான் மெட்டல் கிடாரின் அடையாளம். சிதைந்த சத்தத்தில் மேற்கத்திய முறைப்படி மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து ஒலித்தால் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும். அதனால் மெட்டல்காரர்கள் மூன்றில் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு இரண்டை மட்டும் வாசிக்கிறார்கள். அந்த இரண்டும் நம் கணக்கில் ஸட்ஜமும் பஞ்சமமும். அவற்றின் அதிர்வு விகிதம் இரண்டுக்கு மூன்று. சிதைக்கும்போது பிறக்கும் உபரி ஒலிகளும் அதே ஸட்ஜத்தின் கீழ்ஸ்தாயியில் போய் உட்கார்ந்துகொள்வதால் சத்தம் குழம்பாமல் பாறை மாதிரி நிற்கிறது. அதாவது, ஊரையே அதிரவைக்கும் அந்த மெட்டல் கிடார் செய்வது தம்புராவின் வேலை. ஸ, ப, மேல் ஸ. தம்புரா அதைக் கிசுகிசுக்கும், இது கத்தும்.

இதனால் ராகத்துக்கு ஒரு பெரிய நன்மை. காந்தாரம் எது என்று கிடார் தீர்மானிப்பதில்லை. பாடுகிறவருக்கே அது விடப்படுகிறது. சினிமா இசையிலும் மெல்லிசையிலும் ராகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த நடு ஸ்வரம்தான். கீபோர்டுக்காரர் ஒரு காந்தாரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க, பாடகர் வேறொன்றை அசைத்துப் பாட முயல்வார். மெட்டலில் அந்த இடம் காலியாக இருக்கிறது. நாகரிகமான மெல்லிசையைவிட இந்த முரட்டு இசையில் ராகம் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கமகம் இன்னொரு கேள்வி. கிடாரில் மெட்டு அசையாது. ஆனால் கம்பியை விரலால் இழுத்து வளைக்கலாம். வீணையிலும் மெட்டு அசையாது, அங்கேயும் கம்பியை இழுத்துத்தான் கமகம் பிடிக்கிறார்கள். இந்த ஒற்றுமையைக் கேரளத்தில் முதலில் ராக் மேடையில் நிரூபித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் பைஜு தர்மஜன். கொச்சியின் ‘மதர்ஜேன்’ குழுவில் கிடார் வாசித்தவர். அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘மக்தூப்’ (2008) இந்தியப் புரோகிரஸிவ் இசையில் இன்றும் அளவுகோலாகச் சொல்லப்படுகிறது. கிடார் கேரளத்துக் கிடார். பாட்டு மட்டும் ஆங்கிலம்.

இனி தில்லானா. தனாஸ்ரீ இந்துஸ்தானியிலிருந்து வந்த ராகம், நம் ஆபேரிக்கு அக்கம்பக்கத்தில் இருப்பது. ஆதி தாளம். கச்சேரியின் கடைசியில் பாடுவார்கள், பரத மேடையில் ஆடுவார்கள். பெரும்பகுதி ஜதிச் சொற்கள், நடுவே கொஞ்சம் சாகித்தியம், அதில் பத்மநாபன் பெயர் முத்திரையாக வரும். (சுவாதித் திருநாள் பேரில் வழங்கும் பாடல்கள் அவருடையவைதானா என்று வீணை எஸ். பாலசந்தர் 1980களில் எழுப்பிய சண்டை தனிக் கதை. திருவனந்தபுரத்தில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.)

ராக் குழு தொட்டுப் பார்க்க தில்லானாவைவிடப் பொருத்தமான உருப்படி கிடையாது. ஜதிக்கு அர்த்தம் இல்லை. அடி மட்டுமே உண்டு. மெட்டல் கிடாரும் திரும்பத் திரும்ப ஒரு குறுகிய அடியைத்தான் வாசிக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. அகத்தின் தில்லானாவில் கேட்பவர் கவனிக்க வேண்டியதும் அதுதான். கர்நாடகப் பாட்டுக்குப் பின்னால் டிரம்ஸ் வைக்கும் ‘ஃப்யூஷன்’ பழக்கத்திலிருந்து இது விலகி நிற்கிறது. ஜதியையே வாத்தியங்கள் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்கின்றன. ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் உருக்கமானது. அந்தக் குரலுக்கு இறைஞ்சத்தான் பிடிக்கும். தில்லானாவோ அதற்கு இடம் கொடுக்காது. அதனாலேயே இந்தப் பாட்டு ஆல்பத்தில் கட்டுக்கோப்பாக நிற்கிறது.

ஆல்பம் முழுதும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தியாகராஜரின் ‘மனவியாலகிஞ்சரா’வை ‘ருத்ரா’ என்ற பெயரில் செய்திருக்கிறார்கள். நளினகாந்தி ஏற்கெனவே துள்ளுகிற ராகம். அதற்கு மேலும் துள்ளலைச் சேர்த்தால் சுகமாக இருக்கிறது, புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. கிருதியிடம் குழுவுக்கு உள்ள மரியாதை சில இடங்களில் கையைக் கட்டிப்போடுகிறது. பெரியவர் முன் நிற்கும் பையன் மாதிரி, கிடார் சொல்ல வந்ததைப் பாதியில் முழுங்கிக்கொள்கிறது.

மகாராஜா என்ன சொல்லியிருப்பார் என்ற கேள்வி. சுவாதித் திருநாள் பிறந்தது 1813, மறைந்தது 1846. முப்பத்து மூன்று வயது. அவர் அவையில் தஞ்சாவூரிலிருந்து வந்த நால்வர் இருந்தார்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இவர்களில் வடிவேலு ஓர் அந்நிய வாத்தியத்தில் கெட்டிக்காரர். அந்த வாத்தியம் ஐரோப்பியர்களோடு கப்பலில் வந்தது. கோயிலிலும் சபையிலும் அதற்கு இடம் இருக்கவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குத் திருப்பியவர்களில் முன்னோடி. வடிவேலு வாசித்ததைக் கேட்டு மகிழ்ந்த சுவாதித் திருநாள் 1834-இல் அவருக்குத் தந்தத்தால் செய்த ஒன்றைப் பரிசளித்தார். அந்த வாத்தியம் வயலின்.

இன்று வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. அது வெளிநாட்டு வாத்தியம் என்று யாராவது நினைவூட்டினால்தான் நினைவு வருகிறது. மின்கிடாருக்கும் அந்த வாழ்வு கிடைக்கும் என்று ஜோசியம் சொல்லத் தேவையில்லை. மாண்டலினுக்கு சீனிவாஸ் வந்தார், சாக்சபோனுக்கு கத்ரி கோபால்நாத் வந்தார், எல்லா வாத்தியத்துக்கும் அப்படி ஒருவர் வருவதில்லை. ஆனால் ‘நம் சங்கீதத்தில் அந்நியச் சத்தமா’ என்று திருவனந்தபுரத்திலிருந்து யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு அந்த ஊர் அரண்மனையே 1834-இல் ஒரு பதில் கொடுத்திருக்கிறது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுவதோடு வயலினும் வாசிப்பவர் என்பது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான தற்செயல்.

திருவனந்தபுரத்தின் சொந்தக் குழு வேறு. 2003-இல் அங்கே தொடங்கிய ‘அவியல்’. அகமும் அதே வருடம் தொடங்கியதுதான். அவியலின் முதல் ஆல்பம் ஐந்து வருடம் கழித்து 2008-இல் மும்பையின் ஃபாட் ஃபிஷ் நிறுவனம் மூலம் வந்தது. அகத்துக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. மெட்டல் என்ற வகையையே தொடங்கிவைத்த பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் (1970) ஒரே நாளில் ஒலிப்பதிவானது. அங்கே ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் பணம் இருந்தது, நிறுவனமும் இருந்தது. இங்கே அலுவலகம் போய்விட்டு வந்து ஒத்திகை பார்க்க வேண்டும், கல்லூரி விழாக்களில் வாசிக்க வேண்டும், சினிமாப் பாட்டு தவிர வேறு எதையும் விற்கத் தெரியாத கடைக்காரர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். எனவே நம் ஊர்க் குழுக்களின் முதல் ஆல்பத்தில் பல வருடப் பாட்டுகள் சேர்ந்து கிடக்கின்றன. கேட்கும்போது ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் வயது வித்தியாசம் தெரிவது அதனால்தான். அதைக் குறை என்று சொல்ல முடியாது.

அவியலைப் புரோகிரஸிவ் மெட்டல் என்றால் சுத்தக்காரர்கள் அடிக்க வருவார்கள். மாற்று ராக் என்பதே சரி. தாளக் கணக்கு அதிகமில்லை. நீண்ட வாத்தியச் சண்டையும் இல்லை. ஆனால் மதர்ஜேனும் அகமும் எடுக்காத ஒரு துணிச்சலை இவர்கள் எடுத்தார்கள். எட்டுப் பாட்டும் மலையாளம். அதுவும் பேச்சு, நாட்டுப்பாட்டு, வசை, தாலாட்டு எல்லாம் கலந்த மலையாளம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போது தெரியாது. 1970களின் இறுதியில் கொச்சியில் தொடங்கிய ‘13 ஏ.டி.’ காலம் முதல் கேரளத்தில் ராக் என்றால் ஆங்கிலம். சென்னையிலும் அப்படித்தான். தாய்மொழியில் பாடினால் சினிமாப் பாட்டு ஆகிவிடும் என்ற பயம். கிடார் சத்தத்துக்கு மலையாளத்தின் ‘ழ’வும் ‘ற்ற’வும் பொருந்தாது என்ற நம்பிக்கை. ‘நட நட’ பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த நம்பிக்கை முதல் நிமிடத்திலேயே போய்விட்டது. வல்லினம் அடுக்கடுக்காக வரும் மொழி கனத்த கிடாருக்கு ஆங்கிலத்தைவிட நன்றாக ஒத்துழைக்கிறது. ஜதிச் சொற்கள் ஏன் ‘த’வும் ‘க’வும் ‘ட’வுமாக இருக்கின்றன என்று யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை.

அடுத்து, சொற்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. ‘கருகர’ பாட்டின் வரிகள் காவாலம் நாராயண பணிக்கருடையவை. நாடகத்துக்காகவே வாழ்ந்து 2016-இல் திருவனந்தபுரத்தில் காலமானவர். ‘ஆடு பாம்பே’ இன்னும் தூரம் போகிறது. அது ஸ்ரீநாராயண குருவின் குண்டலினிப் பாட்டு.

இங்கேதான் தமிழ் வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும். நாராயண குரு 1856-இல் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்தவர். தைக்காட்டில் பிரிட்டிஷ் ரெசிடென்சியின் மேலாளராக இருந்த தமிழர் அய்யாவு சுவாமிகளிடம் யோகம் பயின்றவர். கன்னியாகுமரிப் பக்கம் மருத்துவாமலைக் குகையில் தவம் இருந்தவர். தமிழில் தேவாரப் பதிகங்களே எழுதியவர். பாம்பைப் பார்த்து ஆடச் சொல்லும் அவருடைய குண்டலினிப் பாட்டின் மூலவடிவம் நமக்குத் தெரிந்ததுதான், நம் பாம்பாட்டிச் சித்தர். மகுடிக்காரன் மெட்டில் யோகம் சொல்லும் அந்தத் தமிழ் உத்தியைக் குரு மலையாளத்துக்குக் கொண்டுபோனார். சுமார் நூறு வருடம் கழித்து அவியல் அதைக் கிடாருக்குக் கொண்டுபோனது.

சித்தர் பாட்டு சபைக்கு எழுதப்பட்டதல்ல. திரும்பத் திரும்ப வரும் பல்லவி, தெருவில் நின்று கேட்கிற கூட்டம், ஏறிக்கொண்டே போகும் வேகம். இதெல்லாம் ராக் கச்சேரியின் இலக்கணமும்கூட. ‘ஆடு பாம்பே’யில் அவியல் குருவின் சொற்களுக்கு முன் கைகட்டி நிற்கவில்லை. அந்தச் சொற்கள் முதலில் எந்தக் கூட்டத்துக்காக இருந்தனவோ அதைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். தாளக் கணக்கிலும் விரல் வேகத்திலும் அகம் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. முதல் ஆல்பம் என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அவியலை வைத்துக்கொள்வது நல்லது. அகத்தின் ஆல்பத்தில் கச்சேரி மேடையின் ஞாபகம் எப்போதும் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அவியலின் ஆல்பத்தில் இருப்பது சந்தை, படகுத்துறை, இரவு.

தமிழ் ரசிகருக்கு இதில் கொஞ்சம் பொறாமையும் வரவேண்டும். பாம்பாட்டிச் சித்தர் நம்மிடம் இருக்கிறார். குதம்பைச் சித்தர் இருக்கிறார், சிவவாக்கியர் இருக்கிறார். கிடார்களும் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு பாட்டைக் கனத்த கிடாரில் கேட்க 2008-இல் திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது.

இரண்டு ஆல்பத்தையும் தேடுவது இப்போது கடினமில்லை. கைபேசியில் கிடைக்கின்றன. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கைபேசி பாட்டுகளைக் கலைத்துப் போடும். அகத்தின் தில்லானாவுக்கு அடுத்து ஏதோ ஒரு ஆங்கிலக் குழு வந்து நிற்கும். முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில், வரிசை மாற்றாமல் கேட்டால்தான் வருடக்கணக்கான சேமிப்பு காதில் விழும். தனாஸ்ரீ தில்லானாவை அகத்திடம் கேட்பதற்கு முன் ஏதாவது ஒரு பழைய கச்சேரிப் பதிவில் கேட்டுவிடுவது உத்தமம். எங்கே கிடார் ஜதியை வாங்கிக்கொள்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

அவியல் குழுவை சினிமா விடவில்லை. 2011-இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்துக்கு ‘ஆனக்கள்ளன்’ வந்தது. கிடார்க்காரர் ரெக்ஸ் விஜயன் அதே வருடம் ‘சாப்பா குரிசு’க்கு இசையமைத்தார். பிறகு ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’ (2013), ‘பறவ’, ‘மாயாநதி’ (இரண்டும் 2017), ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) என்று வரிசையாகப் படங்கள். சினிமாவாகிவிடுமோ என்று பயந்து மலையாளத்தில் பாடாமல் இருந்த ராக் உலகிலிருந்து ஒருவர் போய் சினிமாவின் சத்தத்தையே மாற்றிவிட்டார். நாகர்கோவில் பஸ்ஸில் ‘மாயாநதி’ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறவருக்கு 2008 ஆல்பத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிடார் அங்கிருந்துதான் வருகிறது.